ஒன்பது விரல் பட்ட டப்பா

தண்ணீர் சேர்த்த பொருள் கெட்டுப்போகும் என்பது பூச்சாடித் தண்ணீரை நாலு நாள் மாற்ற மறந்தவர்களுக்கெல்லாம் தெரியும். மேனிப்பூச்சுத் தூய்மை வாரியத்துக்குத் தெரியாது என்று சொல்வதும் நியாயமில்லை. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் படித்தவர்கள். விஷயம் அவர்களுக்கும் தெரியும்தான். அதை எழுத அவர்களுடைய படிவத்தில் கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

அந்த வாரியத்தின் படிகளில் ஒரு பெண் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வீட்டில் ஒரு பெயர் இருந்தது. மூன்றாவது தடவை வந்தபோதே வாரியத்தில் அவளுக்கு 'லோஷனம்மா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

லோஷனம்மா பத்து வருஷம் மருந்துத் தொழிற்சாலையில் கலவைப் பிரிவில் வேலை பார்த்தவள். இப்போது வீட்டின் பின்னறையைக் கழுவித் துடைத்து, வெள்ளை ஓடு பதித்து, அங்கே லோஷன் செய்துகொண்டிருந்தாள். அவளுடைய அக்கா அரசு மருத்துவமனையில் தோல் வார்டு நர்ஸ். அங்கே பன்னிரண்டு கட்டில்கள். ஒவ்வொன்றிலும் தோல் வறண்டு, செதிலாக உதிர்ந்து, வெடித்துப்போன ஒருவர். மருத்துவமனை கொடுக்கும் களிம்பு மெழுகு மாதிரி இருக்கும். படுக்கை விரிப்பில் ஒட்டுமே தவிரத் தோலில் இறங்காது. லோஷனம்மாவின் தண்ணீர் லோஷனைத் தடவிய பிறகுதான் நாலாம் கட்டில் லாரி டிரைவர் ராத்திரி சொறியாமல் தூங்க ஆரம்பித்தார்.

ஆறு மாதம் இப்படி ஓடியது. அப்புறம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. வாரிய அனுமதி இல்லாத எந்தப் பூச்சும் இனி வார்டுக்குள் வரக்கூடாது.

"சீக்கிரம் வாங்கிடு டீ. டிரைவர் மறுபடி சொறிய ஆரம்பிச்சுட்டார். நேத்து தலையணை உறையெல்லாம் ரத்தம்" என்றாள் அக்கா.

"ஒரு வாரத்துல வாங்கிடறேன்கா. என்கிட்ட எல்லாம் பக்காவா இருக்கு" என்றாள் லோஷனம்மா. அப்போது அவளுக்கு அனுபவம் போதாது.

பக்காவாகத்தான் இருந்தது. நூறு கிராம் லோஷனில் எழுபத்தெட்டு கிராம் தண்ணீர். அவ்வளவு தண்ணீர் இருந்தால் கிருமிக்கு அது குடியிருக்க வீடு. அதனால் கிருமித்தடுப்பான் ஒன்றைச் சேர்த்தாக வேண்டும். கூடினால் தோல் எரியும். குறைந்தால் கிருமி பிழைத்துக்கொள்ளும். கலவை சூடு ஆறிய பிறகு, நூறு கிராமுக்கு ஒரு கிராமைவிடக் கொஞ்சம் குறைவாக, இரண்டு தசமம் காட்டும் தராசில் நிறுத்துத்தான் அவள் சேர்ப்பாள். அதோடு விடவில்லை. தனியார் ஆய்வகத்தில் கொடுத்து, லோஷனுக்குள் வேண்டுமென்றே கிருமிகளைப் போட்டு, அவை செத்து ஒழிகின்றனவா என்று இருபத்தெட்டு நாள் எண்ணிப் பார்க்கும் சோதனையும் செய்திருந்தாள். பதினாறு பக்க அறிக்கை. முதல் மேசைக்காரர் அதை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கி, தன் டீ டம்ளருக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"சாம்பிள் டப்பா?" என்றார்.

கொடுத்தாள். மூடியைத் திறந்தார். சுட்டுவிரலை இரண்டாவது கணு வரை உள்ளே விட்டார். எடுத்துப் புறங்கையில் தேய்த்தார், முகர்ந்தார், கண்ணை மூடினார், கையெழுத்துப் போட்டார்.

"சார், விரல்..." என்றாள் அவள் பதறிப்போய்.

"விரல் பார்வைம்மா. பதினாலாம் விதி. நல்ல பூச்சை விரல்தான் கண்டுபிடிக்கும்னு எங்க முதல் இயக்குநர் சொல்லிட்டுப் போயிருக்கார். ஒம்பது மேசை, ஒம்பது விரல். அப்புறந்தான் ஆய்வகம்."

"கிருமி இருக்கான்னு பார்க்கிற ஆய்வகமா?"

"ஆமா."

"ஒம்பது பேர் விரல் விட்டதுக்கு அப்புறமா?"

"பின்ன? நாங்க பார்க்காத பொருளை ஆய்வகத்துக்கு எப்படிம்மா அனுப்பறது?" என்று அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

டப்பா மேசை மேசையாகப் பயணம் போனது. இரண்டாம் மேசைக்காரர் அப்போதுதான் மின்விசிறியைத் துடைத்துவிட்டு இறங்கியிருந்தார். நாலாம் மேசை அம்மாள் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கடமை அழைத்ததும் பிஸ்கட்டைக் கீழே வைத்தாள், விரலைத் துடைக்கவில்லை. ஆறாம் மேசைக்காரருக்கு ஜலதோஷம். மூக்கைச் சிந்திய கையோடு அவர் டப்பாவை இழுத்தபோது லோஷனம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தன் குழந்தையை யாரோ கிள்ளுவதைப் பார்ப்பது போல அவளுக்கு இருந்தது.

பதினெட்டு நாள் கழித்து ஆய்வகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஆய்வகத்துப் பெண் வெள்ளை அங்கி போட்டிருந்தாள். அந்தக் கட்டடத்திலேயே கை கழுவித் துடைத்துவிட்டுப் பேசிய ஒரே ஆள் அவள்தான்.

"ஒம்பது விரல் போன டப்பால ஒரு கிருமிகூட உயிரோட இல்ல மேடம். நான் இந்த வேலைக்கு வந்து பார்க்கிற முதல் சுத்தமான டப்பா இது. ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க" என்றாள்.

லோஷனம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப பாஸா?"

"ஃபெயில்" என்று அவள் தலையைக் குனிந்துகொண்டு முத்திரை குத்தினாள். "படிவத்துல ஒரே கேள்விதான் இருக்கு. 'இப்பொருளில் உயிர்கள் வாழ முடிகிறதா?' முடியலன்னா 'நச்சுத்தன்மை'ன்னு எழுதணும்."

"இது என்ன கேள்வி?"

"நான் பதில் எழுதறவ மேடம். கேள்வி எழுதறவங்க மாடியில இருக்காங்க."

மாடிக்குப் போனாள். அங்கே இயக்குநர் இருந்தார். மனிதர் பார்க்க நல்லவர். குரல் மெதுவாக இருக்கும். எதிரே இருப்பவரை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசுவார். லஞ்சம் வாங்க மாட்டார். வாங்கியிருந்தால்கூட லோஷனம்மாவின் வேலை முடிந்திருக்கும். அந்த வழியும் இல்லாமல் போனது அவளுடைய துரதிர்ஷ்டம்.

"அம்மா, நான் சின்ன வயசுலேர்ந்து ஒரு எறும்பைக்கூட மிதிச்சதில்ல. நீங்க என்கிட்ட கொல்ற பொருளைக் கொண்டு வந்திருக்கீங்க. என் கையெழுத்தோட அது எப்படி வெளிய போகும்?"

"சார், அது கொல்றது கிருமியை. தோல் வெடிச்ச நோயாளிங்க பூசறது. கிருமி சேர்ந்தா வெடிப்பு வழியா உள்ள போயிடும். உயிருக்கே ஆபத்து."

"அது நோயாளிக்கும் கிருமிக்கும் உள்ள விவகாரம்மா. நம்ம அதிகாரம் டப்பாவோட முடியுது." அவர் கைகளைக் கோத்துக்கொண்டார். "இந்த நாற்காலியில உட்கார்ந்து பதினோரு வருஷம் ஆகுது. இதுவரைக்கும் ஒரு டப்பா கூட யாரையும் கொன்னதா என் மேசைக்குப் புகார் வரல. ஏன் தெரியுமா? புகார் வாங்கற பிரிவு இங்க கிடையாது. அந்தளவுக்கு நம்பிக்கையோட நடத்தறோம்."

பதினாறு பக்க அறிக்கையைப் பற்றிக் கேட்டாள். அது கீழே டம்ளருக்கு அடியில் பத்திரமாக இருப்பதாகச் சொன்னார்.

இறங்கி வரும்போது முதல் மேசைக்காரர் அவள் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டார். "ஒரு வழி சொல்றேன்மா. பட்டியல்ல அந்த மருந்தை 'வாசனை'ன்னு போட்டுடுங்க. வாசனைன்னா ஆய்வகத்துல அந்தக் கேள்வியைக் கேட்கறதில்ல. சென்ட், பவுடர்காரங்க எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

"பன்னெண்டு பேர்ல ஒருத்தருக்கு அது ஒத்துக்காம போனா? டாக்டர் டப்பாவைத் திருப்பிப் பார்த்துத்தானே கண்டுபிடிக்கணும்? அதுல பொய் எழுதி இருந்தா அவர் எதைன்னு தேடுவார்?"

"நீங்க ரொம்ப யோசிக்கறீங்க" என்றார் அவர். அந்தக் கட்டடத்தில் அது ஒரு நோயின் பெயர்.

அன்று வீட்டுக்குப் போகிற வழி முழுக்க லோஷனம்மா பல்லைக் கடித்துக்கொண்டே நடந்தாள். சொன்னால் புரியாதவர்களுக்குக் காட்டினால் புரியும் என்று அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. அவளுடைய வாழ்க்கையிலேயே பெரிய தப்பு அதுதான். மறுநாள் அதே லோஷனைக் கிருமித்தடுப்பான் சேர்க்காமல் ஒரு டப்பா செய்தாள். அதன் மேல் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினாள்: 'இது கெட்டுப்போகும். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும். யாரும் பூசக்கூடாது.' முதல் டப்பாவின் பக்கத்தில் இதையும் வைத்துப் பார்த்தால் கண் இருக்கிற யாருக்கும் விளங்கிவிடும் என்று நினைத்தாள்.

முதல் மேசைக்காரர் சீட்டை நகத்தால் சுரண்டி உரித்துப் போட்டார். "லேபிள்ல எதிர்மறைச் சொல் வரக்கூடாதும்மா. முப்பத்தொண்ணாம் விதி." பிறகு விரலை உள்ளே விட்டார்.

இரண்டாம் டப்பாவுக்கு இருபத்துநாலு நாள் ஆனது. நடுவில் ஐந்தாம் மேசைக்காரர் விடுப்பில் போய்விட்டதால், வெயில் விழும் அலமாரித் தலையில் அது ஒரு வாரம் உட்கார்ந்திருந்தது. திரும்பி வந்தவர் திறந்தபோது மூடி 'டப்' என்று தானாகத் தெறித்தது. உள்ளே பச்சையாக மூன்று புள்ளி. நனைந்த துணியை நாலு நாள் வாளியில் மறந்துவிட்ட வாடை. அவர் பச்சைப் புள்ளியைச் சுற்றிக்கொண்டு, கவனமாக, வெள்ளையான இடத்தில் விரலை விட்டார். ஒன்பதாம் மேசை அம்மாள் முகர்ந்து பார்த்துவிட்டு, "இயற்கைன்னா இப்படித்தான் இருக்கும். நாமதான் இதெல்லாம் மறந்துட்டோம்" என்று பெருமூச்சு விட்டாள்.

ஆய்வகத்துப் பெண் லோஷனம்மாவை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"எண்ணவே முடியல மேடம். வளர்ப்புத் தட்டு நிரம்பி வழியுது. இதைப் பூசினா ஆஸ்பத்திரிதான்."

"அப்ப ஃபெயில்தானே? தயவுசெஞ்சு ஃபெயில்னு சொல்லிடுங்க."

"உயிர்கள் வாழ முடிகிறதா? முடிகிறது." அந்தப் பெண் முத்திரையைக் கையில் எடுத்தாள். "மிகச் சிறப்பா முடியுது. முதல் தரம்னு எழுதணும். பக்கத்துல ஒரு குறிப்பு எழுதினேன், ஆபத்துன்னு. ஓரத்துல எழுதினது செல்லாதுன்னு பக்கத்தை மாத்திட்டாங்க."

இப்படியாக, பூசக்கூடாத லோஷனுக்கு அனுமதி கிடைத்தது. அதுவும் நட்சத்திர முத்திரையோடு. லோஷனம்மா முதல் மேசைக்கு ஓடினாள்.

"எனக்கு இந்த அனுமதி வேண்டாம். ரத்து பண்ணுங்க."

"வேண்டாம்னா அதுக்கும் விண்ணப்பம் இருக்கு. டப்பாவோட குடுங்க. ஒம்பது மேசையும் பார்த்துட்டு முடிவு சொல்வாங்க."

அக்கா போனில் கூப்பிட்டாள். "முதல் தரமாமே! இங்க நோட்டீஸ் போர்டுலயே போட்டிருக்காங்க. எப்ப அனுப்பறே?"

"அனுப்ப மாட்டேன்கா. அந்தப் பேர்ல எது வந்தாலும் வார்டுக்குள்ள விடாத, உனக்குப் புண்ணியமா போகும்."

"அப்ப நல்லது எப்ப வரும்?"

"நல்லதுக்கு அனுமதி இல்ல."

"டிரைவர் கைக்கு இப்பல்லாம் துணி சுத்திக் கட்டி வைக்கிறேன் டீ" என்றாள் அக்கா.

அந்த வருஷத்தின் முதல் தரப் பொருளுக்கு வாரியம் விழா எடுக்கும். விழாவில் 'முதல் பூச்சு' என்று ஒரு சடங்கு. இயக்குநர் மேடையில், எல்லோர் கண் முன்னாலும், அந்தப் பூச்சைத் தன் மேல் பூசிக்கொள்வார். லோஷனம்மாவுக்கு அழைப்பிதழ் கையில் கிடைத்தபோதுதான் அது தெரிந்தது. விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். அரங்கில் எண்பது நாற்காலி. முன்வரிசையில் ஒன்பது மேசைக்காரர்கள். ஆய்வகத்துப் பெண்ணை அழைக்கவில்லை. இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார்.

"பயப்படறவங்கதான் மருந்து போடுவாங்க. இந்த அம்மா பயப்படல! தண்ணியை நம்பினாங்க, காத்தை நம்பினாங்க, நம்ம விரல்களை நம்பினாங்க. இந்த டப்பாவுக்குள்ள இன்னிக்கு ஒரு உலகமே வாழுது. நம்ம வாரியம் நடத்தற மாதிரியே, யாரும் யாரையும் தொந்தரவு பண்ணாம வாழுது."

கைதட்டல் எழுந்தது. லோஷனம்மா மேடையில் ஏறிவிட்டாள்.

"சார், பூசாதீங்க. அது கெட்டுப்போச்சு. நான்தான் செஞ்சேன், நானே சொல்றேன். கெட்டுப்போச்சு சார்!"

இயக்குநர் ஒலிபெருக்கிப் பக்கம் திரும்பினார். "பார்த்தீங்களா? தன் பொருளைத் தானே குறைச்சுச் சொல்றாங்க. இந்தப் பணிவுக்கு இன்னொரு தடவை கை தட்டுங்க."

இரண்டாம் தடவையும் கைதட்டினார்கள். அவர் மூன்று விரலால் வழித்து எடுத்து, காலையில் சவரக்கத்தி கீறியிருந்த கன்னத்திலும், குளிரில் வெடித்திருந்த இரண்டு புறங்கையிலும் நன்றாக அழுத்தித் தேய்த்துக்கொண்டார். லோஷனம்மாவுக்கு அழுகை வந்தது. அதை ஆனந்தக் கண்ணீர் என்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

நாலாம் நாள் அக்கா கூப்பிட்டாள். "உங்க இயக்குநர் நம்ம வார்டுல இருக்கார் டீ. ஏழாம் கட்டில். மூஞ்சி வீங்கி ஒரு கண்ணு திறக்கல, ரெண்டு கையும் சீழ், நல்ல காய்ச்சல்."

லோஷனம்மா ஓடிப்போய்ப் பார்த்தாள். ஊசி மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. இறங்கிய பாதியை அவர் சீக்கிரமே மறுபடி ஏற்றிவிட்டார்.

ஒரு வாரத்தில் சீழ் அடங்கியது. ஆனால் தோல் காய்ந்து, உரிந்து, எரிந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, புண் ஆறிய இடங்களுக்கெல்லாம் தண்ணீர் லோஷன் தடவச் சொன்னார். வார்டுக்குள் அனுமதி உள்ளதைத்தான் தடவலாம். அனுமதி உள்ள தண்ணீர் லோஷன் நாட்டிலேயே ஒன்றுதான். அந்த டப்பாவை விழா நினைவாக வாரியத்தார் அவருடைய தலைமாட்டில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அக்கா கடமைக்கு அதைக் கையில் எடுத்துக் காட்டினாள்.

"அதை அந்தப் பக்கம் கொண்டு போங்க!" என்று இயக்குநர் கட்டிலில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். பிறகு லோஷனம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். குரல் இறங்கியிருந்தது. "அம்மா, அந்த இன்னொண்ணு... முதல்ல கொண்டு வந்தீங்களே. கொல்றது. அது இருக்கா?"

"இருக்கு சார்."

"அதுல அந்த மருந்து எத்தனை சதவீதம்?"

லோஷனம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாலு மாதம், ஒன்பது மேசை, இரண்டு டப்பா. அந்த வாரியத்தில் ஒருவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இப்போதுதான் ஒருவர் கேட்கிறார். சதவீதத்தைச் சொன்னாள். எந்த வரம்பு வரை தோலுக்குப் பாதுகாப்பு, எந்தச் சூட்டில் சேர்க்க வேண்டும், இருபத்தெட்டு நாளில் என்ன நடந்தது எல்லாம் சொன்னாள். அவர் ஒற்றைக் கண்ணால் கவனமாகக் கேட்டார்.

"எனக்கு மட்டும் விலக்கு குடுத்துக்கிட்டா சலுகை ஆயிடும். நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல" என்றார். அக்காவிடம் காகிதம் வாங்கி, கட்டுப்போட்ட கையால் எழுதினார். 'இயக்குநர் சிகிச்சை பெறும் வார்டில், அவர் சிகிச்சை பெறும் காலம் முடிய, மேற்படிப் பூச்சைப் பயன்படுத்தலாம்.' கையோடு இன்னொரு உத்தரவும் எழுதினார். வாரிய ஊழியர்கள் இனிமேல் கையுறை போட்டுக்கொண்டுதான் டப்பாவுக்குள் விரல் விட வேண்டும். ஊழியர்களின் உடல்நலம் முக்கியம்.

அன்று மாலையே பன்னிரண்டு கட்டிலுக்கும் பன்னிரண்டு டப்பா வந்தது. விரல் விடாமல் அழுத்தி எடுக்கிற மூடியோடு செய்திருந்தாள். மூன்றாம் நாள் டிரைவரின் கைக்கட்டை அக்கா அவிழ்த்துவிட்டாள். அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். லோஷனம்மா பின்னறையில் நின்ற இடத்தில் நின்று செய்தாள். தினமும் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"இயக்குநருக்கு எப்படி இருக்கு?"

"நல்லாத் தேறிட்டு வர்றார்."

"அய்யய்யோ" என்றாள் லோஷனம்மா. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஒரு மனிதன் பிழைத்து எழுவதைக் கேட்டு இப்படிப் பயப்படும்படி ஆகிவிட்டதே என்று தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

அவள் கொடுத்த லோஷன் நல்ல லோஷன். பத்தாம் நாள் இயக்குநர் முழுசாகக் குணமாகி, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவள் வராந்தாவில் வழியை மறித்தாள்.

"சார், அந்த உத்தரவை நீட்டிச்சு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுப் போங்க. மத்தவங்க எல்லாம் இன்னும் படுத்திருக்காங்க."

"எழுதலாம்மா. ஆனா காரணம் காட்டணுமே. நான்தான் நல்லாயிட்டேனே!" அவர் தன் வழுவழுப்பான இரண்டு கைகளையும் அவள் முன் நீட்டிக் காட்டினார். "புதுசா ஒரு சாம்பிள் குடுங்க. நம்ம ஆளுங்க ஒம்பது பேரும் இப்ப கையுறை போட்டுத்தான் தொடறாங்க. நீங்க கவலையே பட வேண்டாம்."

கார் போய்விட்டது. அக்கா ஒவ்வொரு கட்டிலாகப் போய் டப்பாக்களை எடுத்து ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டு வந்தாள். தங்கை பெட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நாலாம் கட்டிலில் டிரைவர் டப்பாவை மார்போடு வைத்துக்கொண்டிருந்தார். கேட்டதும் மறுக்காமல் கொடுத்தார். கொடுத்துவிட்டு, ஆறிய கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாக விசாரித்தார்.

"சிஸ்டர், அந்த ஏழாம் கட்டில் ஐயாவுக்கு மறுபடி எப்ப உடம்பு சரியில்லாம போகும்?"